காலையில் மங்கும் பச்சைக் கோடு

தம்பி,

இந்த உறையைப் பிரிக்கும்போதே, வாட்சாப்பில் போட்டிருக்கலாமே, அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று நீ நினைப்பாய். வாட்சாப்பில் போட்டால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். போனில் பேசினால் பாதியிலேயே "ஓகேம்மா, ஓகேம்மா" வந்துவிடும். கல்யாண வேலையில் நீ செண்டாயான் வீட்டுக்கும் சிரம்பான் கல்யாண மண்டபத்துக்கும் அலைந்துகொண்டிருக்கிறாய். உன்னைப் பிடித்து உட்காரவைத்துப் பேச யாராலும் முடியவில்லை. அதனால் எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கார் சாலைச் சந்திப்பில் நிற்கும்போது ஒரு பக்கம், பெட்ரோல் போடும்போது ஒரு பக்கம் என்று படிக்காதே. வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் படி. உன் மாமனார் மேடைக்கு வருவாரா மாட்டாரா என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று ரஹாங்கில் பெண் வீட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். தட்டு மாற்றிப் பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்து, எல்லாரும் மீகூனும் கேசரியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஷாமினியின் அப்பா தன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தாரை வார்க்கிறதுக்கு என் அண்ணனும் அண்ணியும் நிப்பாங்க. நான் கீழ உக்காந்து பாத்துக்கறேன்." மனைவி இல்லாதவர் தனியாக மேடையேறிப் பெண்ணைத் தாரை வார்ப்பதில்லை என்று நம்மவர்கள் பலர் சொல்வதுண்டு. நான் அதை அந்த அளவில் எடுத்துக்கொண்டேன். நீ அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "பொண்ணக் குடுக்க அவருக்கு மனசில்லம்மா" என்று காரில் வரும் வழியெல்லாம் ஸ்டியரிங்கைத் தட்டினாய். மறுநாள் ஷாமினி எனக்குப் போன் செய்து, அப்பா மேடையில் இல்லாமல் நான் எப்படி உட்காருவேன் அத்தை என்று அழுதாள். நீ அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அவர் மேடைக்கு வராவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகு நீயும் அந்த வீட்டு வாசல்படியை மிதிக்கப்போவதில்லை என்று சொல்லிவைத்திருந்தாய். நல்ல ஆறுதல், தம்பி. ஒரு பங்கு அழுதுகொண்டிருந்த பெண் இரண்டு பங்கு அழுதாள்.

அந்தச் சூட்டோடுதான் அவர் என்னிடம் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்த பழைய ஆசிலோஸ்கோப்பை உன் கார் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் இறக்கினாய். "பொண்ணக் குடுக்க மாட்டாராம், ஓட்டப் பொட்டியக் குடுக்கறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாய். அது ஓட்டைப் பெட்டி இல்லை. வால்வு போட்ட காலத்துப் பெட்டி, இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். ரேடியோ ஒலிபரப்புக் கோபுரத்தில் டெக்னீஷியனாக இருந்த மனிதர், அங்கே கழித்துக் கட்டியபோது வாங்கி வந்து, ஓய்வு பெற்ற பிறகும் தினமும் சுவிட்சைப் போட்டு ஓடவிட்ட பெட்டி. கூடவே ஒரு துண்டுத் தாளில், "காலையில் மங்கல், மத்தியானம் சரி" என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க இந்த வேலையைப் பார்த்தவர், சம்பந்திக்கு என்ன தெரியும் என்று பரீட்சை வைக்கிறாரோ என்று நினைத்தேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, செனவாங் தொழிற்சாலையில் நான் டெக்னீஷியனாக இருந்த அறையை மூடி, பழைய கருவிகளையெல்லாம் கழித்தார்கள். அவற்றில் சிலதை அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் போட்டு நம் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். லயத்து வீடுகளில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி இது, இதை வைத்துத்தான் மற்ற மெஷின்களின் கோளாறைக் கண்டுபிடிப்போம் என்று நானும் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். அப்படியும் பக்கத்து வீட்டுச் சரசக்கா ஒரு நாள் கைலியை முழங்காலுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இந்த முட்டிய மட்டும் ஒரு தடவ காட்டு லா, ஆஸ்பத்திரில ரொம்ப நேரம் உக்கார வைக்கிறான்" என்றாள். நீ கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாய். அந்த அக்காவுக்கு நான் கோடுதான் காட்டி அனுப்பினேன். முட்டி தேவலாம் என்று சொல்லிக்கொண்டு போனாள்.

இந்த வேலையில் கைகாரர் என்று பேர் வாங்க ஆசைப்படுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, பார்ப்பதற்கு முன் மாற்றுவது. நம் வீட்டில் அதற்கு அப்பாதான் ராஜா. சோறு வேகவில்லை என்று ஒரு நாள் ரைஸ் குக்கரின் பிளக்கை மாற்றினார், வயரை மாற்றினார், கடைசியில் கோலா பிலா டவுனுக்கு மோட்டோவில் போய்ப் புதுக் குக்கரே வாங்கி வந்துவிட்டார். அதிலும் சோறு வேகவில்லை. அடுப்படிச் சுவரில் இருந்த சாக்கெட்டில் கரன்ட் இல்லை என்பதை அதற்கப்புறம்தான் பார்த்தோம். நீயும் அவர் பிள்ளைதான். அலமாரி சாவி திரும்பவில்லை என்றால் பூட்டையே கழற்றிவிடுவாய். கோபத்தில் ஒரு மனிதரையே கழற்றி வைக்கப் பார்க்கிறாய் என்பதுதான் என் பயம்.

ஆனால் ஒன்று, இந்தப் பெட்டியில் நானும் உங்கள் அப்பாவாகத்தான் நடந்துகொண்டேன். மறுநாள் காலையில் பெட்டியைப் போட்டேன். வெளியே மழை விட்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவில் பனி நின்றது. திரையில் கோடு வந்தது, ஆனால் ஈரத் தாளில் மை ஊறினதுபோல் தடித்துப் போய், விளிம்பே இல்லாமல் இருந்தது. கூர்மையாக்கும் திருகை அந்தக் கோடி வரைக்கும் திருப்பியும் பிரயோசனம் இல்லை. பழைய கெபாசிட்டர்கள்தான் காரணம் என்று முடிவு கட்டி, சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றினேன். முடிக்கும்போது மத்தியானம். போட்டுப் பார்த்தால் கோடு ஊசியாக நிற்கிறது. உடனே ரஹாங்குக்குப் போன் போட்டு, "அண்ணே, சரியாயிடுச்சு" என்றேன். அவர், "நாளைக்குக் காலையில ஒரு தடவ போட்டுப் பாருங்கம்மா" என்றார். போட்டேன். மங்கல். அடுத்து அந்தத் திருகையே மாற்றினேன். மத்தியானம் சரியானது. மறுநாள் காலையில் மறுபடியும் மங்கல். வால்வை மாற்றினேன், அதே கதை. எதைச் செய்தாலும் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் கோளாறு அது. கடைசியாக எதில் கை வைத்தோமோ அதுதான் காரணம் என்று நம்பவைத்து, நம்மையே நமக்குக் கெட்டிக்காரராகக் காட்டி ஏமாற்றும். உங்கள் அப்பா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீ ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தாலும் மத்தியானம் சரியாயிடும் போலருக்கே" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அடுத்த நாள் ஒன்றையும் தொடாமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏற, பெட்டி சூடாகி ஈரம் காய, கோடு தானாகத் தெளிந்தது.

இதைக் கல்யாணத்துக்கும் வைத்துக்கொள். காலையில் சண்டை போட்டுவிட்டு வேலைக்குப் போவாய், சாயங்காலம் வந்தால் அவள் முகம் தெளிந்திருக்கும். நீ வாங்கி வந்த பூவால்தான் என்று நினைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதே. பகல் முழுக்க அவள் தனியாக ஆறியிருப்பாள். என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், மங்கலாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கும் அப்பாவுக்கும் இது புரிய ரொம்ப வருஷம் ஆனது.

ஈரம்தான் எதிரி என்று தெரிந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அடுத்த மழைக் காலையில் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பெட்டியைப் போட்டுவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றக் கையால் தள்ளி நின்று ஹேர் டிரையரைப் பிடித்தேன். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் பெட்டியில் இரண்டு கையையும் விடுகிறவள் இல்லை உன் அம்மா. மேல் பக்கம் காற்றடித்தேன், ஒன்றும் மாறவில்லை. நடுவில் அடித்தேன், இல்லை. பின்பக்கம் கீழ் மூலைக்குக் காற்றைத் திருப்பியதும், திரையில் கோடு மெல்ல மெல்லக் கூர்மையானது. அதே நேரம் ஒரு வாசனை வந்தது. கருகல் வாசனையோ வார்னிஷ் வாசனையோ என்றுதான் முதலில் மோந்தேன். இல்லை, சந்தனம். பூசை அறையில் யாரோ சந்தனம் அரைக்கிற மாதிரி, அந்தப் பழைய பெட்டிக்குள்ளிருந்து வாசம் வருகிறது.

பெட்டியை அணைத்து, வயரைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தையும் இறக்கிவிட்டு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பாகங்களை வெள்ளைப் பீங்கான் பட்டைகளில் பற்றவைத்திருப்பார்கள். மின்சாரம் போகக் கூடாத பக்கம் போகாமல் தடுப்பதுதான் அந்தப் பீங்கானின் வேலை. கோட்டைக் கூர்மையாக்கும் இடத்துப் பட்டையில், சுத்தமான வெள்ளைக்கு நடுவில், வட்டமாக ஒரு பொட்டு. கீழே சந்தனம், மேலே குங்குமம். அதன் மேல் இன்னொரு சந்தனம், இன்னொரு குங்குமம். வருஷா வருஷம் வைத்து வைத்துத் தடித்துப் போயிருந்தது. மழை நாளில் அது ஈரத்தை இழுக்க, அதன் வழியே மின்சாரம் கசிந்திருக்கிறது. பெட்டி தினமும் ஓடிய காலத்தில் சூட்டில் காய்ந்தே கிடந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஓடாமல் கிடந்தபோதுதான் ஈரம் ஏறியிருக்கிறது. நானும் ஆயுத பூசைக்கு என் கருவிகளுக்குப் பொட்டு வைக்கிறவள்தான், ஆனால் வெளிப்பக்கத்தில். உள்ளே கை விட்டு இந்த இடத்தில் வைத்தது யாராக இருக்கும் என்று யோசிக்கத் தேவையில்லை. ஷாமினியின் அம்மா தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகுதான் பெட்டியும் சும்மா கிடந்திருக்கிறது. அந்த அண்ணியை நான் பார்த்ததில்லை. முதன்முதலாக அவரை அங்கேதான் பார்த்தேன், தம்பி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சி கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே சம்பந்தியை வரச் சொன்னேன். பொரித்த வாழைப்பழம், ஒரு பொட்டலம் பீசாங் கோரேங், வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியையும் டார்ச்சையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பாத்துட்டீங்களா" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"ரெண்டு மூணு தடவ தொறந்தேன்மா. பஞ்சும் எடுத்தேன். கை போகல."

"அப்ப ஏண்ணே எங்கிட்ட சொல்லல? ஒரு மூட்டை சாமான மாத்திட்டேனே."

"சொன்னா நீங்களும் தொடைக்க மாட்டீங்க லா. தெரியாம யாராவது தொடைச்சிட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

இந்த மனிதர் எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. அவரே பேசினார். கல்யாணமான புதிதில் அண்ணி பெட்டியின் முன்பக்கத்தில் பொட்டு வைத்தாராம். "எழுத்தெல்லாம் கறையாவுதுன்னு நாந்தான் சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் வைக்கவே இல்ல, கோவிச்சிக்கிட்டான்னு நெனச்சேன். ஒரு காசு வெச்சுத் திருகினா பக்கத்து மூடி தொறந்துக்கும்ல, என்னப் பாத்துப் பழகியிருக்கா. உள்ள அந்தப் பீங்கான்தான் வெள்ளையா இருக்கு. சாமிக்கு அதான் சரியான எடம்னு வெச்சிருப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நீ பார்த்ததில்லை. ஷாமினி சிரிப்பது அப்படியே அவர் சிரிப்புதான்.

துடைத்தால் அண்ணி போய்விடுவார், துடைக்காவிட்டால் பெட்டி போய்விடும் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா பீசாங் கோரேங்கைக் கடித்துக்கொண்டே, "அந்த எடம் சரியில்லன்னா வேற எடத்துல வைங்களேன். நான் லோரிக்கு பானெட்லதான் வைக்கறேன், இஞ்சினுக்குள்ளயா வைக்கறேன்?" என்றார். நானும் சம்பந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாப் பாகங்களையும் தாங்கி நிற்கிற இரும்புச் சட்டம் எர்த் வயரால் பூமியோடு சேர்த்துக் கட்டியது. அங்கே எத்தனை பொட்டு வைத்தாலும் ஒரு கேடும் வராது. இரண்டு டெக்னீஷியன்களுக்குத் தோன்றாதது லோரிக்காரருக்குத் தோன்றியதை உன் அப்பா இன்னும் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயும் கேட்டிருப்பாய், ஆனால் எதற்காக என்று புரிந்திருக்காது.

அவரே செய்தார். பூசைத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அடியில் பிடித்துக்கொண்டு, சத்தே சுடும் மூங்கில் குச்சியால் அந்தப் பொட்டைப் பொடிப்பொடியாகச் சுரண்டி இறக்கினார். கடைசி மிச்சத்தை நான் ஸ்பிரிட்டால் துடைத்தேன். இலையில் இருந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து, நம் வீட்டுக் குங்குமத்தோடு குழைத்து, மோதிர விரலால் சட்டத்தின் மூலையில் வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பெட்டியைப் போட்டோம். வால்வுகள் சூடேறும்வரை மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு வந்தது. இழுத்துக் கட்டிய நூல்போல் வந்தது.

அந்த நேரத்தில்தான் கேட்டேன். "அண்ணே, மேடைக்கு ஏன் வரமாட்டேங்கறீங்க? மாப்பிள்ளயப் பிடிக்கலயா?"

"அய்யோ, அவரு நல்ல பிள்ளம்மா" என்றார். அவர் சொன்னது உன்னைத்தான் என்று உனக்கு நம்பிக்கை வராதுதான், இருந்தாலும் எழுதுகிறேன். பிறகு, "நான் தனியா போயி நின்னா, பாப்பா கண்ணுக்கு அவங்கம்மா இல்லாததுதான தெரியும்? எங்கண்ணனும் அண்ணியும் ஜோடியா நின்னா லட்சணமா இருக்குமேன்னு பாத்தேன்" என்றார்.

"நீங்களும் நிக்கலன்னா ரெண்டு பேருமே இல்லாததுதாண்ணே தெரியும்" என்றேன்.

அவர் இலையில் மிச்சமிருந்த பொடியை ஒரு தாளில் தட்டி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காப்பியைக் குடித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபோது, "கோயில் ஐயருகிட்ட நானே பேசிக்கறேன். அவ சேல ஒண்ண மடிச்சுப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நிக்கலாம்ல?" என்று கேட்டார். "நிக்கலாம்ணே" என்றேன். "அப்ப நிக்கறேன், தங்கச்சி" என்றார். அதுவரைக்கும் நான் அவருக்கு வெறும் "அம்மா"தான். காரை எடுக்கும் முன் கண்ணாடியை இறக்கி, தாரை வார்க்கும்போது பாப்பா நெற்றியில் அந்தப் பொட்டைத்தான் வைக்கப்போகிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார்.

அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீ கோபத்தோடு மேடையில் உட்கார்ந்தால் இதில் ஒன்றும் உன் கண்ணில் படாது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ரஹாங்குக்குப் போ. வாசல்படியை நன்றாக மிதித்து உள்ளே போ. இந்தக் கடிதத்தோடு அப்பா கொண்டுவரும் பெட்டியையும் கொண்டுபோய் அவர் மேசையில் இறக்கிவை, அப்பாவையும் ஒரு கை பிடிக்கச் சொல். அவரை இதுவரை அங்கிள், அங்கிள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர் உனக்கு என்ன முறை என்று நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. அப்படிக் கூப்பிடு. உங்கள் கையால் தாரை வார்த்துக் கொடுங்கள் என்று உன் வாயால் கேள். அவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார் என்பது உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. கேட்கப்பட வேண்டும் என்று அவருக்கும் இருக்கும்.

எனக்கு மனசு நிறைந்திருக்கிறது, தம்பி. இன்று காலையும் மழைதான். அனுப்பும் முன் ஒரு தடவை பெட்டியைப் போட்டுப் பார்த்தேன், கோடு தெளிவாக இருக்கிறது.

மேடையில் அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளைப் பிரிக்கும்போது, குங்குமம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். பெட்டித் தூசியும் அதில் இருக்கும், நெற்றி அரித்தால் நான் பொறுப்பில்லை. "என்னப்பா இது" என்று ஷாமினி கேட்பாள். உனக்கு விடை தெரியும், வாய் துடிக்கும். பேசாமல் இரு. அவர் சொல்லட்டும்.

அம்மா